புது மரைன் டேங்கில் உயிர்மணல்: எவ்வளவு ஆழம், எந்த மணல், எப்போது உயிர் வரும்?

#1 நெய்தல்_சென்னை

4 அடி × 1½ × 1½ கடல்மீன் டேங்க், கீழே 2 அடி சம்ப் (ஃபில்டர் தொட்டி). ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுப்பது), இரண்டு பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்), தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருக்கிறது. ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீர், டி.டி.எஸ். 0. காய்ந்த பாறை 20 கிலோ. மீன் என்று பார்த்தால் க்ளௌன் ஒரு ஜோடி, மெலனுரஸ் ராஸ் ஒன்று, வாட்ச்மேன் கோபி ஒன்று. பிறகு சாஃப்ட் கோரல். மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது, மணல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு கடையில் 4 அங்குலம் போடு என்கிறார்கள், இன்னொரு கடையில் மணலே தொல்லை, வெறும் கண்ணாடி போதும் என்கிறார்கள். எவ்வளவு ஆழம், எந்த மணல், எத்தனை கிலோ? பாக்கெட்டில் உயிர்மணல் என்று விற்கும் ‘லைவ் சாண்ட்’ அந்த விலைக்குத் தகுமா?

#2 மணற்புழு

உங்கள் மீன் பட்டியலே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. மெலனுரஸ் ராத்திரியில் மணலுக்குள் புதைந்து தூங்குகிற ராஸ். வெறும் கண்ணாடித் தரையில் விட்டால் முட்டி முட்டி வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். அதற்குக் குறைந்தது 2 அங்குலம் வேண்டும். மணி 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர், முனை மழுங்கியதாக. இதைவிட நைசாக எடுத்தால் பவர்ஹெட் வேகத்தில் ஒரு மூலையில் மேடும் இன்னொரு மூலையில் மொட்டைக் கண்ணாடியும் ஆகிவிடும். பருமனாக எடுத்தால் இடுக்கில் தீனி இறங்கி அழுகும்.

கிலோ கணக்கு: தரை 122 × 46 செ.மீ. ஓர் அங்குலத்துக்கு 14 லிட்டர் மணல். காய்ந்த அரகோனைட் (பவளம், கிளிஞ்சல் பொடியான கால்சியம் கார்பனேட் மணல்) லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ. ஆக அங்குலத்துக்கு 21 கிலோ, 2 அங்குலத்துக்கு 42. பாறை நிற்கிற இடம் கழிந்துபோகும், 40 கிலோ வாங்கினால் போதும். கடைக்காரர் சொன்ன 4 அங்குலத்துக்கு 85 கிலோ ஆகும். மணலுக்குள் பத்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் வெளியேறும் தண்ணீர் 33 லிட்டர்தான். கழித்துப் பார்த்தால் ஸ்டாண்டுக்கு ஏறும் கூடுதல் எடை 50 கிலோ. மாடி வீட்டில் அதையும் யோசியுங்கள்.

பாக்கெட் லைவ் சாண்டில் இருப்பது பாக்டீரியா மட்டும். புழு, கோப்பிபாட், ஆம்பிபாட் போன்ற சிற்றுயிர் எதுவும் மூடிய பையில் மாதக்கணக்கில் பிழைக்காது. அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவுக்கு விதையுறை போட்டுக்கொண்டு தூங்கும் வித்தையும் தெரியாது. வெயிலில் லாரியில் வந்து கோடவுனில் கிடந்த பையில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். காய்ந்த மணலே வாங்குங்கள், மிச்சப் பணம் பின்னால் நத்தைக்கும் கோப்பிபாட்டுக்கும் உதவும்.

#3 உப்புக்காத்து

ஈ.சி.ஆர். பீச் பக்கம் போனா ஒரு மூட்டை மணல் ஃப்ரீ. எல்லாரும் ஏன் காசு கொடுத்து மணல் வாங்குறீங்கன்னே புரியல. வினிகர் விட்டா பொங்குதே, அப்போ அதுவும் கால்சியம் தானே?

#4 முத்துக்குளி_தூத்துக்குடி

பொங்கும், ஏன் பொங்காது? கிளிஞ்சல் தூள் இல்லாத கடற்கரை உண்டா? ஒரு ஸ்பூன் மணலைக் கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றுங்க. அடங்கினதும் வடிச்சிட்டு மறுபடி புது வினிகர். பொங்குறது முழுசா நிக்கிற வரைக்கும் இப்படியே. அரகோனைட்னா டம்ளர் அடியில் கிட்டத்தட்ட ஒண்ணும் மிஞ்சாது. கரை மணல்னா பெரும்பகுதி அப்படியே நிக்கும், அது குவார்ட்ஸ்.

குவார்ட்ஸ் விஷம்னு சொல்லல. சிலிக்கா மணல் (குவார்ட்ஸ்தான்) போட்டா டயட்டம்ங்கிற பழுப்பு நுண்பாசி படரும்ங்கிறதும் கொஞ்சம் மிகை, அது அவ்வளவு லேசில் கரையாது. கூட வர்ற சாமான்தான் வம்பு. கறுப்பா, சிவப்பாத் தெரியிற மணி இல்மனைட், கார்னெட். மணவாளக்குறிச்சிப் பக்கம் போனா மோனசைட்டும் சேர்ந்துக்கும். ஒரு நியோடிமியம் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுத்தி, காஞ்ச மணலில் மெதுவா இழுத்துப் பாருங்க. பையைத் திருப்பினா மீசை மாதிரி ஒட்டி நிக்கும். அதில் ஒரே ஒரு மணி கண்ணாடி துடைக்கிற காந்தத்தில் சிக்கினா போதும், டேங்க் முழுக்கக் கீறல். சாக்கடை கலக்கிற கரைன்னா பாஸ்பேட் தனிக் கணக்கு.

மன்னார் வளைகுடாவில் பவளத்துண்டு, பவள மணல் அள்ளுறதைப் பத்தி நினைக்கவே வேணாம். தீவுகள் எல்லாம் கடல்சார் தேசியப் பூங்கா.

#5 பவளத்திட்டு

மணற்புழு சொல்லும் 2 அங்குலம் இரண்டுங்கெட்டான். சைபன் போட்டுச் சுத்தம் செய்யவும் ஆழம் அதிகம், நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றவும் ஆழம் போதாது. கடல் உயிரியலாளர் ரான் ஷிமெக் போன்றவர்கள் நுண்மணலில் 4 அங்குலம், அதற்கும் மேல் என்று வலியுறுத்தியது சும்மா இல்லை. மேலே ஓரிரு சென்டிமீட்டரில் அம்மோனியா நைட்ரைட் ஆகி நைட்ரேட் ஆகும். ஆக்சிஜன் தீர்ந்த அடுக்கில் இருக்கிற பாக்டீரியா நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விடும். அந்த அடுக்கு தடிமனாக இருந்தால்தான் நைட்ரேட் கட்டுக்குள் நிற்கும். அதோடு ஆழத்தில் பி.எச். இறங்குவதால் அரகோனைட் கொஞ்சம் கரைந்து கால்சியமும் காரத்தன்மையும் தரும்.

#6 மணற்புழு

கடைசி வரி சரிதான், ஆனால் அளவு சொற்பம். மேல் தண்ணீர் பி.எச். 8.2இல் அரகோனைட் கரையாது, கீழே கரைகிறது கோரலுக்குப் போதாது. மணல் போட்டால் காரத்தன்மை டோஸ் செய்ய வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆழ விஷயத்துக்கு வருவோம். நுண்மணலில் ஆக்சிஜன் தீர்ந்துபோக 4 அங்குலம் தேவையில்லை, ஓர் அங்குல ஆழத்துக்குள்ளேயே அது நடந்துவிடுகிறது. பாறையின் உட்பகுதியும் இதே வேலையைச் செய்கிறது, இவரிடம் 20 கிலோ பாறை இருக்கிறது. ஆழ்ந்த படுக்கை மோசம் என்று சொல்லவில்லை. அதற்கு உள்ளே ஓயாமல் துளைக்கிற புழுக்கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்தைத் தின்னாத மீன் வேண்டும். மெலனுரஸ் நாள் முழுக்க மணலைக் கொத்திப் புழு, பாட் (கோப்பிபாட், ஆம்பிபாட்), குட்டி நத்தை பொறுக்குகிற ஆசாமி. படுக்கையும் வேண்டும், படுக்கையைத் தின்கிறவனும் வேண்டும் என்றால் 4 அங்குலத்தில் துளைக்க ஆளில்லாமல் கீழ்ப்பாதி செத்துக் கிடக்கும்.

இன்னொன்று கரண்ட். 26 டிகிரியில் கடல்நீர் பிடிக்கிற ஆக்சிஜன் லிட்டருக்கு 6.6 மில்லிகிராம். சில்லர் நின்று 32 டிகிரிக்குப் போனால் 6தான். அதே சூட்டில் மணலில் இருக்கிற பாக்டீரியா இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். மே மாதம் நள்ளிரவில் கரண்ட் போய் பம்ப் நின்றால் மணல் தடிமன் ஏற ஏற மீனுக்குக் கெடு குறையும். எந்த ஆழம் போட்டாலும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம், மின்சாரம் போனதும் தானாக ஓடுகிற மாதிரி.

நைட்ரேட் பயம் இருந்தால் பிறகு சம்ப் பக்கத்தில் 20 லிட்டர் வாளி வையுங்கள். முக்கால் வாளி நுண்மணல், மேலே வேகமாகத் தண்ணீர் ஓட வேண்டும், தூசு படியக் கூடாது, வெளிச்சம் விழக் கூடாது. பிடிக்கவில்லையா, வாளியைத் தூக்கி வெளியே வைத்துவிடலாம். டேங்கில் இருக்கிற 85 கிலோவை அப்படித் தூக்க முடியாது.

#7 உப்புக்காத்து

மணலுக்கு அடியில ஓட்டைத் தட்டு வச்சு கேப் விடுவாங்களே, பிளீனம், அது?

#8 பவளத்திட்டு

மொனாக்கோவில் ழான் ஜொபேர் உருவாக்கிய முறை. டூனன், வீ இருவரும் 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில் பிளீனம் வைத்ததற்கும் வைக்காததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த விஷயத்தில் மணற்புழுவுக்கும் எனக்கும் சண்டை இல்லை, பிளீனம் வேண்டாம்.

#9 முத்துக்குளி_தூத்துக்குடி

ஆழம் 2 அங்குலம்னு வச்சுக்கிட்டா போடுற முறைக்கு வருவோம். பாறை முதல்ல, மணல் பிறகு. இதை மாத்திச் செய்யாதீங்க. மணல் மேல பாறையை வச்சா கோபி அடியில் குழி தோண்டும், பாறை சரியும், கண்ணாடி போகும். டேங்க் தரையில் பாறையை நேராக வச்சு, ஆட்டிப் பார்த்து அசையாம நின்ன பிறகுதான் மணல். பாறை ரெண்டு மூணு புள்ளியில் மட்டும் தரையைத் தொடட்டும். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயைத் துண்டு வெட்டி முட்டுக் கொடுத்தாலும் சரி.

மணலைக் கழுவ ஒரு வாளிக்கு 4, 5 கிலோவுக்கு மேல் வேணாம். குழாயை அடிவரைக்கும் விட்டு, கையால் கிளறி, பால் மாதிரி வர்ற தண்ணியைச் சாய்ச்சு ஊத்துங்க. எதிர்ப்பக்கம் விரல் மங்கலாத் தெரியிற அளவுக்கு வந்தா நிறுத்திடலாம். கண்ணாடி மாதிரி ஆகணும்னு நின்னீங்கன்னா நைஸ் மணி எல்லாம் சாக்கடைக்குப் போயிடும். புழுவுக்கு அந்த நைஸ்தான் வேணும். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணியில். பாக்கெட் லைவ் சாண்ட் வாங்குறவங்க மட்டும் கழுவாம அப்படியே போடணும், கழுவினா காசு கொடுத்து வாங்கினதைக் கொட்டுற மாதிரி.

உப்பைத் தனி டிரம்மில் கலக்கணும், லிட்டருக்கு 36 முதல் 38 கிராம். உங்க டேங்க், சம்ப் சேர்த்து 240 லிட்டர் வரும், 9 கிலோ உப்பு. பம்ப் போட்டு ஒரு நாள் சுத்தவிட்டு ஒப்படர்த்தி 1.025 காட்டுதான்னு பாருங்க. உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணியில் சரிபார்க்காம 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபாருங்க. மணல் மேல நேரா உப்பைக் கொட்டினா கரையாத உப்பு குவியுற இடத்தில் கால்சியம் படிஞ்சு மணல் அப்பளமாயிடும்.

தண்ணி விட்ட பிறகு மணல் போடுறவங்க 2 அங்குலக் குழாய் ஒண்ணைத் தரைவரைக்கும் இறக்கி, மேலே புனல் வச்சு, ஒரு கப் ஒரு கப்பா விடுங்க. தண்ணிக்கு முன்னாடியே மணல் போட்டாச்சுன்னா மேலே ஒரு தட்டை வச்சு அதில் தண்ணி விழட்டும். ரெண்டு முறையிலும் ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர், பவர்ஹெட் மூணும் ஆஃப்.

#10 நெய்தல்_சென்னை

அப்படியே செய்தாயிற்று. பாறை, குழாய், புனல், 40 கிலோ. இப்போது டேங்க் முழுக்க மோர். பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. தண்ணீரை மாற்றட்டுமா?

#11 மணற்புழு

மாற்றினால் 9 கிலோ உப்புதான் வீண். ஒரு ராத்திரி எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுப் படியவிடுங்கள். காலையில் பவர்ஹெட்டை மேல்மட்டத்தைப் பார்த்துத் திருப்பி மெதுவாக ஓட்டி, சம்ப் வாயில் ஃபில்டர் ஃப்ளாஸ் (வடிகட்டும் பஞ்சு) வைத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் தெளியும். பாறை மேல் படிந்த வெள்ளைத் தூசை ஒரு சிறிய பம்பால் ஊதிவிட்டு மறுபடி ஃப்ளாஸ். முதல் வாரம் மணல் லேசாகக் கிளம்பிக்கொண்டேதான் இருக்கும். மணியின் மேல் பாக்டீரியாப் படலம் ஏறிய பிறகு ஒன்றோடொன்று ஒட்டி அடங்கிவிடும்.

தெளிந்ததும் பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியா. இறாலை அழுகப்போடுவதைவிட அம்மோனியம் குளோரைடு சுத்தம், அளவும் கையில் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா வேண்டுமென்றால் 3.14 மில்லிகிராம் அம்மோனியம் குளோரைடு. உங்கள் 240 லிட்டருக்கு 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஏற்ற 1.5 கிராம். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து சம்பில் ஊற்றுங்கள். லேப் தரம் வாங்கவும். நாட்டு மருந்துக் கடையிலும் ஈயம் பூசுகிறவர்களிடமும் கிடைக்கும் நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் அதில் வேறு என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நத்தையும் இறாலும் செம்பைத் தாங்காது.

பாட்டில் பாக்டீரியா ஒன்று சேருங்கள், தேதி பார்த்து, ஃப்ரிட்ஜில் இருந்ததாக. லைட் வேண்டாம். அம்மோனியா பூஜ்யம் ஆனதும் மறுபடி 1.5 கிராம். 2 பி.பி.எம். போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் பாக்டீரியா தயார். வழக்கமாக மூன்று முதல் ஆறு வாரம். நடுவில் நைட்ரேட் கிட் கன்னாபின்னா என்று காட்டும், பயப்படாதீர்கள். நைட்ரைட் இருக்கும்வரை அந்தக் கிட் பொய் சொல்லும்.

#12 பவளத்திட்டு

இதோடு ‘மணல் உயிராகிவிட்டது’ என்று கடையில் சொல்வார்கள். பாக்டீரியா வந்திருக்கிறது, அவ்வளவுதான். இனிமேல்தான் பிராணிகள்.

நன்றாக ஓடுகிற டேங்க் வைத்திருப்பவரிடம் ஒரு பெரிய கப் மணல் கேட்டு வாங்குங்கள். மேல் 2 செ.மீ. மட்டும். புழுவும் பாட்டும் அங்கேதான் இருக்கும். ஆழத்தில் தோண்டினால் சல்ஃபைடும் பழைய கசடும் சேர்ந்து வரும், கொடுக்கிறவர் டேங்குக்கும் கேடு. ஈரத்துணி மூடிய டப்பாவில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து பரப்பாமல் இரண்டு மூன்று இடத்தில் குவித்து வையுங்கள். தானாகப் பரவும்.

வெள்ளைப்புள்ளி நோய் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அந்த ஒட்டுண்ணியின் கூடு மணலில் ஒட்டிக்கொண்டு வரும். மீன் இருக்கிற டேங்க் மணல் என்றால் உங்கள் டேங்கில் போட்ட நாளிலிருந்து 76 நாள் மீன் விடக் கூடாது. எப்படியும் நீங்கள் பொறுக்க வேண்டிய காலம்தான் அது.

#13 முத்துக்குளி_தூத்துக்குடி

நத்தைக்கு என் கணக்கு: நசாரியஸ் 8, செரித் 15. நசாரியஸ் மணலுக்குள்ள புதைஞ்சு மூக்கை மட்டும் நீட்டிக்கிட்டுக் கிடக்கும், தீனி விழுந்ததும் எழுந்து வரும். செரித் ராத்திரியில் மேல்மணலைப் புரட்டும். ஃபைட்டிங் காங்க் ஒண்ணு, பாசி கண்ணில் படுற அளவுக்கு வந்த பிறகு. அதுக்கு முன்னாடி விட்டா பட்டினி.

நம்ம ஊர்ச் சங்கு அழகா இருக்கேன்னு விட்டுடாதீங்க, அதோட சாப்பாடே மணல் புழுதான். சாண்ட் சிஃப்டிங் ஸ்டார்ங்கிற நட்சத்திரமீனும் அப்படியே. கொஞ்ச மாசத்தில் மணலைக் காலி பண்ணிட்டு அதுவும் சாகும். கடல் அட்டை மணலைச் சுத்தம் பண்ணும்னு வீடியோ பார்த்துட்டுக் கேப்பீங்க. 2001லேர்ந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கு, யாராவது ரகசியமா வித்தாலும் வாங்காதீங்க. டேங்கில் செத்தா விஷம் விட்டு மீனையும் கூட்டிட்டுப் போகும்.

#14 நெய்தல்_சென்னை

அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். கேட்டு வாங்கிய மணல், நத்தை, கோப்பிபாட் பாட்டில் எல்லாம் டேங்குக்குள் போயாயிற்று. லைட் ஆறு மணி நேரம். இப்போது இரண்டு சந்தேகம். மணல் மேல் பழுப்புப் பொடி பூத்திருக்கிறது. முன் கண்ணாடியில் மணலுக்குள் ஒன்றரை செ.மீ. கீழே ஓர் இடத்தில் கறுப்புப் பட்டை. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 காட்டுகிறது, அதுவரை சந்தோஷம்.

#15 மணற்புழு

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. புது டேங்கில் இரண்டும் பூஜ்யம் என்றால் டைனோஃப்ளாஜெல்லேட் என்கிற, சளி போலப் படரும் நுண்ணுயிருக்குப் பாய் விரித்த மாதிரி.

பழுப்பு எது என்று முதலில் பாருங்கள். கையை ஆட்டினால் தூசாகக் கிளம்பி, பாறை, கண்ணாடி எல்லாவற்றிலும் ஒரே சீராகப் படிந்தால் டயட்டம், சில வாரத்தில் போய்விடும். சளி மாதிரி இழுத்துக்கொண்டு நுனியில் காற்றுக் குமிழி நின்றால் டைனோவோ என்று சந்தேகப்படுங்கள். தகடாக உரிந்து வந்தால் சயனோபாக்டீரியா. உறுதி செய்ய: கொஞ்சத்தை டேங்க் தண்ணீரோடு பாட்டிலில் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள், காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள், வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி நூல் நூலாகக் கூடினால் டைனோ. எந்த வகை என்று அறிய மைக்ராஸ்கோப் வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரி தண்ணீரில் மிதக்கும், யு.வி. விளக்குக்கு அடங்கும். ஆம்பிடினியம் மணலைவிட்டு எழாது, யு.வி. செலவு தண்டம்.

எதுவானாலும் இப்போது செய்ய வேண்டியது நைட்ரேட்டை 5, பாஸ்பேட்டை 0.05 பி.பி.எம். பக்கம் ஏற்றுவது. ஃபில்டரில் கார்பன், பாஸ்பேட்டை உறிஞ்சும் பொருள் இருந்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள், மீன் இல்லாவிட்டாலும். மணலுக்குள் இருக்கிறவர்களும் சாப்பிட வேண்டாமா?

#16 பவளத்திட்டு

கறுப்புப் பட்டை அயர்ன் சல்ஃபைடு. ஆக்சிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் சல்ஃபேட்டை வைத்துப் பிழைக்கிற பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது. நைட்ரேட் 0 என்று அவர் சொன்னதோடு இது சரியாகப் பொருந்துகிறது. தோண்டாதீர்கள். தொட்டால்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியே வரும். பட்டை மேல்நோக்கி ஏறினாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ, மேலே ஏதோ செத்துப் புதைந்திருக்கிறது என்று பாருங்கள்.

2 அங்குலத்தில் இவ்வளவு சீக்கிரம் சல்ஃபைடு மண்டலம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆழமில்லாமலும் ஆக்சிஜன் தீரும் என்று மணற்புழு சொன்னதற்கு இது சாட்சி என்றால் ஒத்துக்கொள்கிறேன். 4 அங்குலத்தின் அருமை அதனால் குறையாது.

#17 உப்புக்காத்து

சைபன் போடலாமா கூடாதா? ஒரு பதில் சொல்லுங்கப்பா.

#18 மணற்புழு

இவர் டேங்குக்கு: தண்ணீர் மாற்றும்போது திறந்த மணலில் கால்பங்கு இடத்தில் மட்டும், மேல் 1 செ.மீ. அடுத்த தடவை அடுத்த கால்பங்கு. பாறை அடியில் கை வைக்க வேண்டாம். வருடக்கணக்கில் தொடாத ஆழ்ந்த படுக்கையை ஒரே நாளில் கிளறுவதுதான் ஆபத்து.

மணல் அங்கங்கே கட்டியாகிறதா என்றும் பாருங்கள். கால்க்வாஸரோ (சுண்ணாம்புத் தண்ணீர்) காரத்தன்மை ஏற்றும் பஃபரோ வேகமாகக் கொட்டினால் காரத்தன்மை எகிறி மணிகள் ஒட்டிக்கொள்ளும். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (அதன் அலகு), மக்னீசியம் 1300 பி.பி.எம். பக்கம் இருந்தால் மணல் கட்டியாகாது. டோஸ் விழுகிற இடம் சம்பில் பம்ப் பக்கம் இருக்கட்டும்.

#19 நெய்தல்_சென்னை

பழுப்பு தூசாகத்தான் கிளம்புகிறது, வடிகட்டியதில் நூல் கூடவில்லை. டயட்டம் என்று எடுத்துக்கொள்கிறேன். தீனி தொடங்கிவிட்டேன். மெலனுரஸை எப்போது விடலாம்?

#20 முத்துக்குளி_தூத்துக்குடி

கடைசி மீனா. க்ளௌன், கோபி போயி, மணல் போட்டதிலேர்ந்து நாலு மாசமாவது ஆகட்டும். லைட் அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு சிவப்பு டார்ச் அடிச்சுப் பாருங்க. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியா கோப்பிபாட் ஊரணும், பாறை ஓரத்தில் ஆம்பிபாட் துள்ளணும், முன் கண்ணாடிக்குள்ள மணலில் புழு போன சுரங்கம் குறுக்கும் நெடுக்குமா தெரியணும். இது மூணும் இருந்தா ராஸ் தின்னது போக மிச்சம் நிக்கும். சம்பில் ஒரு மூலையில் கொஞ்சம் உடைஞ்ச பாறையும் பாசியும் போட்டு வச்சா அங்கே பாட் பெருகி மேலே வந்துக்கிட்டே இருக்கும்.

விட்ட உடனே மணலுக்குள்ள போயி நாலஞ்சு நாள் வெளியே வராது. செத்துப்போச்சுன்னு குச்சி விட்டுக் கிளறாதீங்க, அம்மோனியா மட்டும் பாருங்க. வெளியே வந்ததும் குதிக்கிற ஜாதி, மேலே கால் அங்குலக் கண் வலை போட்டு மூடி வச்சிருங்க.